ஓடுகிற அட்டை அழியாது

சி மொழியில் நான் எழுதியவற்றிலேயே எனக்கு மிகவும் பிடித்த நிரல் முந்நூறு வரிகூட வராது. அதில் ஆறே ஆறு கட்டளைகள். கோப்பைத் திற, படி, எழுது, மூடு, பெயர் மாற்று, அழி. இதைப் பெருமையாக யாரிடமாவது சொன்னால், "இதெல்லாம் கம்ப்யூட்டர்லயே இருக்குமே?" என்பார்கள். இருக்கும்தான். கணினியை இயக்குகிற மென்பொருள் விண்டோஸ் என்றால் ஒரு விதமாக இருக்கும், லினக்ஸ் என்றால் வேறு விதமாக இருக்கும். என் பெரிய நிரல் இரண்டிலும் ஓட வேண்டுமானால், இந்தச் சின்ன நிரல் நடுவில் ஆளாக நின்று, "நீ என்னிடம் சொல், அவரிடம் எப்படிப் பேசுவதென்று நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று பொறுப்பேற்க வேண்டும். கல்யாணத் தரகர் செய்கிற வேலை. கல்யாணம் நல்லபடியாக முடிந்தால் தரகரை யாரும் நினைப்பதில்லை. பந்தியில் ரசம் தீர்ந்துபோனால்கூட அவரைத்தான் திட்டுவார்கள்.

நான் மல்லசமுத்திரம் பக்கத்தில் என் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து விசைத்தறிகளுக்கு நிரல் எழுதுகிறவள். சேலையின் கரையிலும் முந்தியிலும் வருகிற பூ வேலைக்கு எந்த நூல் எப்போது மேலே ஏற வேண்டும் என்று தறிக்கு யாராவது சொல்ல வேண்டும். முன்பு ஓட்டை போட்ட அட்டைகளைக் கோத்துத் தறிக்கு மேலே தொங்கவிட்டார்கள். இப்போது அதே தகவல் கணினியில் ஒரு கோப்பாக இருக்கிறது. ஆனாலும் எங்கள் ஊரில் அதற்குப் பெயர் இன்னும் அட்டைதான். அந்த அட்டையை வரி வரியாகப் படித்துத் தறிக்கு அனுப்புவது என் பெரிய நிரல். சுற்று வட்டாரத்தில் பத்திருபது பட்டறைகளில் அது ஓடுகிறது. பெங்களூரு வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறாயே என்று கேட்கிற உறவினர்களுக்குப் பதில் சொல்வதை நான் நிறுத்திப் பல காலம் ஆகிறது. கேட்டால் கோபம் வரும். எனக்கு எப்போதுமே கோபம் சீக்கிரம் வரும்.

ஆறு கட்டளைகளும் ஒரே நாளில் எழுதியவை அல்ல. ஒவ்வொன்றும் யாரிடமாவது திட்டு வாங்கிய பிறகு சரியானவை. 'படி' கட்டளையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பட்டறையில் மயில் கழுத்தோடு நின்றுவிட்டது. உடம்பு இல்லை, தோகை இல்லை, அதற்குக் கீழே வெறும் துணி. விண்டோஸில் ஒரு கோப்பை எழுத்துக் கோப்பாகத் திறந்துவிட்டால், படித்துக்கொண்டே போகும்போது இருபத்தாறு என்ற எண் வந்ததும் 'இதோடு முடிந்தது' என்று எடுத்துக்கொள்ளும். எந்தக் காலத்திலோ யாரோ வைத்த வழக்கம். எங்கள் மயிலின் கழுத்தில் அந்த எண் இருந்திருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. அந்த இரண்டு நாளும் வீட்டில் என்னிடம் யாரும் பேச்சுக் கொடுக்கவில்லை.

'பெயர் மாற்று' இன்னொரு ரகம். புதுப் பெயரில் ஏற்கெனவே ஒரு கோப்பு இருந்தால் விண்டோஸ் முடியாது என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும். லினக்ஸோ ஒரு வார்த்தை கேட்காமல் பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியதை அங்கே உட்கார வைத்துவிடும். இரண்டு பேரையும் நான் மனதாரத் திட்டியிருக்கிறேன். ஆனால் ஏன் இப்படி வைத்தார்கள் என்று தேடிப் படிக்கும்போது அவரவர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கும். அது புரிந்ததும் கோபம் போய் ஒரு பாசம் வந்துவிடும். புருஷன் வீட்டையும் பிறந்த வீட்டையும் ஒன்றாகச் சமாளிக்கத் தெரிந்தவர்களுக்கு இந்த வேலை சுலபமாக வரும் என்பது என் கட்சி.

என் நிரலை முதன்முதலில் வாங்கிய பட்டறை எங்கள் வீட்டிலிருந்து ஆறு கிலோமீட்டர். எட்டுத் தறி. உரிமையாளரை நான் அண்ணா என்று கூப்பிடுவேன்; அவர் என்னை அம்மணி என்பார். அவருக்கு அட்டை வரைந்து கொடுக்கிறவர் ஓர் அக்கா. ஐம்பதை நெருங்குகிற வயது, பட்டறைக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. முதலில் கட்டம் போட்ட தாளில் பென்சிலால் வரைவார். பிறகு கணினியில் ஒவ்வொரு புள்ளியாக வைப்பார். அவர் வரைந்த சேலைகளை நான் சேலத்துக் கடைகளில் பார்த்திருக்கிறேன். பேருந்தில் பக்கத்து இருக்கையில் பார்த்திருக்கிறேன். "இதை வரைஞ்சவங்கள எனக்குத் தெரியும்" என்று ஒருமுறை ஓர் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அந்த அம்மா கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சன்னல் பக்கம் நகர்ந்துவிட்டார்.

இந்தத் தொழிலில் களவு அதிகம். ஒரு புது அட்டை தறியில் ஏறிய வாரமே பக்கத்து ஊரில் அதே பூ நிறம் மட்டும் மாறி ஓடும். யாரோ ஒருவர் சத்தமில்லாமல் பென்டிரைவைச் செருகியிருப்பார். அதனால் அக்காவுக்கு ஒரு விரதம் உண்டு. அவருடைய அட்டை எப்போதும் ஒரே இடத்தில்தான் இருக்கும். பென்டிரைவிலிருந்து பட்டறைக் கணினிக்குக் கொண்டுபோகும்போது நகல் எடுக்கமாட்டார், வெட்டித்தான் ஒட்டுவார். நெய்து முடிந்ததும் மறுபடியும் வெட்டிப் பென்டிரைவுக்கே எடுத்துக்கொள்வார்.

"ஒரு பிரதி எடுத்து வையுங்கக்கா. கம்ப்யூட்டர் போச்சுன்னா அல்லாம் போயிருமுங்க" என்று நான் சொல்லாத மாதம் கிடையாது.

"ரெண்டு எடத்துல இருந்துச்சுன்னா ரெண்டாவது எடம் திருடனோடது கண்ணு. தொலைஞ்சு போனா திரும்ப வரைஞ்சுக்கலாம். களவு போனா என்ன பண்றதுங்க?"

இதற்கு நான் கோபப்பட்டு ஒரு பிரசங்கம் செய்வேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "டீ சொல்லட்டுங்களா?" என்பார்.

விரதத்தின் இன்னொரு பாதி வெள்ளிக்கிழமைச் சுத்தம். வாரம் முழுக்க யார் யாரோ மாதிரிக்குக் கொண்டுவந்த அட்டைகள், அரைகுறை நகல்கள் எல்லாம் பட்டறைக் கணினியில் சேர்ந்து கிடக்கும். வெள்ளிக்கிழமை காலையில் கணினிக்குச் சந்தனம் குங்குமம் வைப்பதற்கு முன்னால் அக்கா எல்லாவற்றையும் மொத்தமாகப் பிடித்து அழித்துவிடுவார். தறியில் ஓடிக்கொண்டிருக்கிற அட்டையை மட்டும் விண்டோஸ் அழிக்க விடாது. என் நிரல் அதைத் திறந்து வைத்திருப்பதால், வேறொருவர் பயன்படுத்துகிறார் என்று சொல்லி மறுத்துவிடும். எது வேண்டும் எது வேண்டாம் என்று பொறுக்குகிற வேலையே இல்லை. "ஓடற அட்டை அழியாதுங்க" என்று அண்ணன் புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் சொல்வார்.

எனக்கும் இது நல்ல வழியாகத்தான் பட்டது. அவர்களுக்காக என் நிரலிலேயே 'துடை' என்று ஒரு பொத்தான் வைத்துக் கொடுத்தேன். அதை அமுக்கினால் அங்கே இருக்கிற எல்லா அட்டைகளுக்கும் 'அழி' என்ற கட்டளை போகும். மறுக்கிறவற்றை விட்டுவிடும். அடுத்தவர் மறுப்பார் என்பதை நம்பி ஒரு பொத்தான் வைத்திருக்கிறேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

சென்ற ஆண்டு அக்காவின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மகள் கால்நடை மருத்துவர். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து வீட்டு ஆட்டுப் பட்டியிலேயே கிடந்தவள். அவளுடைய முகூர்த்தச் சேலைக்கு அக்கா தானே அட்டை வரைந்தார். கரையில் மயிலும் கிடையாது, மாங்காயும் கிடையாது. கொம்பில்லாத, செம்மண் நிற மேச்சேரி ஆடுகள் ஒன்றன்பின் ஒன்றாக நடந்து போகும். முந்தியில் ஒரு பட்டியே மேயும். நாற்பத்தொரு ஆடு, ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது. ஒன்று திரும்பிப் பார்க்கும். ஒன்று பின்னங்காலைத் தூக்கிக் காதைச் சொறியும். ஒரு குட்டி தாய்க்கு அடியில் புகுந்திருக்கும், அதன் வால் மட்டும் வெளியே தெரியும்.

"கல்யாணச் சேலையில ஆடுங்களா?" என்று அண்ணன் சிரித்தார்.

"அவ ஆட்டுக்குத்தானுங்க வைத்தியம் பாக்கறா? மயிலுக்கா பாக்கறா?" என்றார் அக்கா.

நான்கு மாதம் உட்கார்ந்து வரைந்தார். இருபத்தைந்து வருடமாக ஊருக்கெல்லாம் வரைந்தவர் தன் வீட்டுக்கென்று வரைந்த அட்டை அது ஒன்றுதான். ஏழாம் தறியில் ஏற்றினார்கள். கல்யாணத்துக்கு அப்போது இருபது நாள் இருந்தது.

அந்த வாரம்தான் நான் பட்டறையின் பழைய விண்டோஸ் கணினியை எடுத்துவிட்டு, உள்ளங்கை அளவில் ஒரு லினக்ஸ் பெட்டியை வைத்துக் கொடுத்திருந்தேன். பழையது கிழடு தட்டிப்போய்ப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மூச்சு வாங்கியது. பெரிய நிரலில் ஒரு வரியைக்கூட நான் மாற்றவில்லை. ஆறு கட்டளைகளுக்கும் லினக்ஸ் பக்கத்தை மட்டும் எழுதி, ஒவ்வொன்றாகச் சோதித்தேன். 'அழி' என்றால் விண்டோஸிலும் அழிந்தது, லினக்ஸிலும் அழிந்தது. இரண்டும் ஒன்றுபோல் நடக்கின்றன என்று எழுதி வைத்துவிட்டு எனக்கு நானே ஒரு காபி போட்டுக் குடித்தேன். சும்மா கிடக்கிற கோப்பைத்தான் அழித்துப் பார்த்தேன். ஓடுகிற கோப்பை அழித்துப் பார்க்கத் தோன்றவில்லை.

புதுப் பெட்டியில் அது முதல் வெள்ளிக்கிழமை. காலை எட்டேகாலுக்கு அக்கா போன் செய்தார். பின்னால் எட்டுத் தறியின் சத்தமும் கேட்டது.

"கண்ணு, தொடைச்சேன். லிஸ்ட்டுல ஒண்ணுமே காணோம். ஓடற அட்டை அழியாம நிக்குமில்லீங்க?"

"தறி ஓடுதுங்களா?"

"ஓடுதுங்க."

"தறி ஓடுதுன்னா அட்டை இருக்குதுன்னுதானுங்கக்கா அர்த்தம்! லிஸ்ட்டு சரியா வந்திருக்காது. அப்பறம் வந்து பாக்கறேன்" என்று வெடுக்கென்று போனை வைத்துவிட்டேன். அடுப்பில் தோசைக்கல் காய்ந்துகொண்டிருந்தது.

மாவை ஊற்றிய கை பாதியில் நின்றது. லினக்ஸில் ஒரு கோப்பை அழித்தால் முதலில் அழிவது அதன் பெயர்தான். அதை யாராவது திறந்து வைத்திருக்கிற வரைக்கும் உள்ளே இருப்பது அப்படியே இருக்கும். வைத்திருப்பவர் மூடுகிற அந்த நொடியில்தான் உண்மையாகவே போகும். இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. கல்லூரியில் படித்து, பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். ஆடுகளுக்கு இப்போது பெயரும் இல்லை, இடமும் இல்லை. என் நிரல் ஏழாம் தறிக்காகக் கையில் பிடித்துக்கொண்டிருக்கிறது, அது ஒன்றுதான் பிடிமானம்.

அன்று எங்கள் பகுதிக்கு மாதாந்திர மின்நிறுத்தம். ஒன்பது மணிக்குக் கரண்ட் போகும். பட்டறையின் யூ.பி.எஸ். பெயருக்குத்தான் இருக்கிறது. அதைவிட மோசமானது அண்ணனின் ஒழுக்கம். மின்நிறுத்த நாட்களில் எட்டேமுக்காலுக்கே தறிகளை நிறுத்தி, என் நிரலை மூடி, கணினியை முறைப்படி அணைத்து, மேலே ஒரு துண்டையும் போர்த்திவிடுவார். அப்படிச் செய்ய வேண்டும் என்று கத்திக் கத்திப் பழக்கியதே நான்தான். மற்ற ஏழு தறிகளிலும் ஓடியது வியாபாரி கொடுத்த அட்டை, கேட்டால் அவர் மறுபடி அனுப்புவார். ஏழாம் தறியில் இருப்பதற்கு உலகத்தில் வேறு பிரதி கிடையாது. 

போன் செய்தேன். தறிச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. ஐந்து முறை அடித்துவிட்டு அடுப்பை அணைத்து, மடிக்கணினிப் பையை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தேன். ஊர் எல்லையில் ஒரு போர்வெல் வண்டி குறுக்கே நின்று பின்னால் வந்துகொண்டிருந்தது, முன்னால் போய்க்கொண்டிருந்தது, திரும்பினபாடில்லை. நான் இறங்கிப் போய் அந்த ஓட்டுநரை என்ன சொன்னேன் என்று இங்கே எழுத முடியாது. பாவம், ராத்திரி முழுக்க வண்டி ஓட்டி வந்தவராக இருக்கும். மண் மேட்டில் ஏற்றி எனக்கு வழி விட்டார்.

பட்டறை வாசலில் வண்டியை நிறுத்தியபோது தறிச் சத்தம் இல்லை.  உள்ளே போகவே பயமாக இருந்தது.

அண்ணன் கணினிக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தோளில் துண்டு தயாராக இருந்தது. திரையில் என் நிரல் ஒரு கேள்வி கேட்டுவிட்டு நின்றது. 'தறி 7 பாதியில் நிற்கிறது. மூடலாமா?' கீழே ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான்கள். தறி பாதியில் நிற்கும்போது நிரலை மூடப் போனால் அது எப்போதும் கேட்கிற கேள்விதான். வேறு எந்தத் தறியாக இருந்தாலும் அண்ணன் படித்துக்கூடப் பார்க்காமல் ஆம் என்று அமுக்கியிருப்பார்.

"வாங்க அம்மணி. மத்த தறிக்கெல்லாம் முடிச்சுட்டனுங்க. ஏழுக்குத்தான் இப்படிக் கேட்டுட்டு நிக்குது" என்றார். "அக்கா பென்டிரைவப் பாத்துட்டு வாரேன்னு ஊட்டுக்குப் போயிருக்காங்க. இது அவங்க புள்ளையோட சேலைங்க. அவங்க வந்து சொல்லாம நான் எப்படிங்க ஆமான்னு அமுக்கறது?"

அந்த மனிதரை நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. பதிலுக்கு அவரும் கும்பிட்டார்.

"எதையும் தொடாதீங்கண்ணா. எந்திரிச்சு இக்கட்ட வாங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். ஓடுகிற ஒவ்வொரு நிரலும் எந்தெந்தக் கோப்பைக் கையில் வைத்திருக்கிறது என்று லினக்ஸ் ஓர் இடத்தில் காட்டிக்கொண்டே இருக்கும். அங்கே போய்ப் பார்த்தேன். ஒரே ஒரு வரி மீதி இருந்தது. அதன் முனையில் 'அழிக்கப்பட்டது' என்று குறிப்பு. அழிந்ததுதான், ஆனால் இருந்தது. அந்த வழியாகவே உள்ளே கையை விட்டு ஒரு நகலைப் பெட்டியிலும், இன்னொரு நகலை என் சாவிக்கொத்தில் தொங்குகிற பென்டிரைவிலும் எடுத்தேன். அவசரத்தில் ஒரு கட்டளையை மூன்று முறை தப்பாக அடித்தேன். பிறகு நகலைத் திறந்து முந்தியைத் திரைக்குக் கொண்டுவந்தேன். எண்ணினேன். நாற்பத்தொன்று.

"பென்டிரைவ்ல இல்லீங்க கண்ணு" என்று வாசலில் குரல் கேட்டது. அக்கா வேர்த்து விறுவிறுத்து நின்றிருந்தார். பென்டிரைவில் இருக்காது என்று அவருக்குத் தெரியும். வெட்டி ஒட்டியதே அவர்தான். இருந்தாலும் மனசு கேட்காமல் போய்ப் பார்த்திருக்கிறார். திரையில் ஆடுகளைப் பார்த்ததும் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டார். என் பென்டிரைவைக் கழற்றிப் பையில் போட்டு, பெட்டியை முறைப்படி அணைத்த சற்று நேரத்தில் கரண்ட் போனது. யூ.பி.எஸ். கீச்சிட்டுவிட்டு அடங்கியது.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். மழுப்ப மனம் வரவில்லை. துடைக்கிற பொத்தான் சரிதான், அவர்கள் அமுக்கியதும் சரிதான், தப்பு என்னுடைய 'அழி' கட்டளையில் என்று சொன்னேன்.

"அப்ப, தறி ஓடிட்டிருந்ததுனாலதான் இருந்துச்சுங்களா?" என்று அக்கா கேட்டார்.

"ஆமாங்கக்கா. அப்பறம் அண்ணன் அமுக்காம இருந்ததுனால."

அக்கா முக்காலியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.  பிறகு, "அட்டை போனதுகூடப் பரவால்லீங்க. காலையில போன வெடுக்குன்னு வெச்சுட்டீங்களே, அதுதான் ஒரு மாதிரி ஆயிப்போச்சு" என்றார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அவர் காலுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டேன். அண்ணன் மூன்று பேருக்கும் டீ வாங்கிவரப் போய்விட்டார்.

கரண்ட் வரும்வரை அங்கேயே மடிக்கணினியை வைத்துக்கொண்டு உட்கார்ந்து 'அழி' கட்டளையைத் திருத்தினேன். இப்போது அது முதலில் ஒரு கேள்வி கேட்கும். இதை என் நிரல் திறந்து வைத்திருக்கிறதா? ஆமென்றால் எந்தக் கணினியாக இருந்தாலும் அழிக்க மறுத்துவிடும். கையேட்டில் லினக்ஸுக்கு அப்படி ஒரு விதி கிடையாது. பட்டறையில் அண்ணன் சொல்லிக்கொண்டிருந்ததுதான் விதி என்று வைத்து எழுதினேன். மத்தியானத்துக்கு மேல் கரண்ட் வந்தது. ஓட்டி, திறந்து வைத்து, அழித்துப் பார்த்து, மறுத்ததைக் கண்ணால் கண்ட பிறகுதான் எழுந்தேன். ஏழாம் தறி கிளம்பியது. அக்கா பக்கத்திலேயே நின்று அடுத்த ஆட்டின் குளம்பு துணியில் விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிளம்பும்போது பையிலிருந்து என் பென்டிரைவை எடுத்து அவரிடம் நீட்டினேன். "ஒரு பிரதி இதுல இருக்குதுங்கக்கா. நீங்களே வெச்சுக்குங்க. இல்லைன்னா சொல்லுங்க, உங்க கண்ணு முன்னாலயே அழிச்சுடறேன்."

அவர் வாங்கிக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பிறகு அதை என் கையிலேயே வைத்து விரல்களை மடக்கிவிட்டார்.

"உங்ககிட்டயே இருக்கட்டும் கண்ணு. ஒருக்கா தொலைச்சவங்கதான் பத்திரமா வெச்சிருப்பாங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. பென்டிரைவைப் பையின் உள்ளறையில் போட்டு மூடிக்கொண்டு கிளம்பினேன். ஆறு கிலோமீட்டரையும் மாட்டு வண்டி வேகத்தில் ஓட்டினேன்; பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். பிரதி எடுங்கள், பிரதி எடுங்கள் என்று ஊர் முழுக்க உபதேசம் செய்தவள், வீட்டுக்கு வந்து அந்தப் பென்டிரைவை எங்கே வைப்பது என்று தெரியாமல் முன்னறையில் வெகு நேரம் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.